இல்லாத ரன்வேயைப் பார்த்த கண்கள்

2017 ஜூலை 7, இரவு மணி பன்னிரண்டு ஆக நான்கைந்து நிமிடம் இருக்கும். டொராண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759, ஒரு ஏ320 விமானம், 135 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிக்கொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்தது, இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை, கேப்டன் 20,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் அவர் குறிவைத்து இறங்கியது ரன்வேயை அல்ல, அதற்கு வலது பக்கத்தில் இணையாக ஓடும் டாக்ஸிவேயை, அதாவது விமானங்கள் ரன்வேக்கு உருண்டு போகும் பாதையை. அங்கே நான்கு விமானங்கள், வயிறு நிறைய எரிபொருளோடும் பயணிகளோடும், ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படக் காத்திருந்தன.

கேப்டனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. ரன்வேயில் சில விளக்குகள் தெரிகின்றன, நாங்கள் இறங்கலாம்தானே, உறுதி செய்யுங்கள் என்று கண்ட்ரோல் டவரைக் கேட்கிறார்கள். 28 வலது ரன்வேயில் உங்களைத் தவிர யாரும் இல்லை, இறங்கலாம் என்று பதில் வருகிறது. டவர் சொன்னது முழுக்க உண்மை, அந்த ரன்வேயில் யாரும் இல்லைதான். ஆனால் விமானம் அந்த ரன்வேக்கு நேராக வரவில்லை என்பது டவரில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

வரிசையில் முதலில் நின்றது சிங்கப்பூருக்குப் போகவேண்டிய யுனைடெட் 1. அதன் விமானி ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே வரும் விளக்குகள் நேராகத் தங்கள் தலைக்கு மேலேயே வருகின்றன. இவர் எங்கே போகிறார், டாக்ஸிவேக்கு மேல் இருக்கிறாரே என்று ரேடியோவில் கத்துகிறார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் ஏ340 விமானிகள் தங்கள் லேண்டிங் விளக்குகளைப் போட்டார்கள், இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று காட்டுவதற்காக. ஏர் கனடா முதல் விமானத்தைத் தரையிலிருந்து சுமார் 100 அடி உயரத்தில் கடந்தது. அடுத்த சில நொடிகளில் அந்தக் காக்பிட்டில் இருந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டி, இறங்குவதைக் கைவிட்டு எஞ்சினுக்கு முழு விசை கொடுத்துவிட்டார்கள். ஆனால் கீழே போய்க்கொண்டிருக்கும் அத்தனை டன் எடை, விசை கொடுத்த அடுத்த நொடியே மேலே திரும்பிவிடாது. அது இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் ஏறியது. மிகத் தாழ்ந்த புள்ளி சுமார் 60 அடி, ஏ340-இன் வால் உயரமே கிட்டத்தட்ட 55 அடி. எஞ்சியது சில அடிகள்தான். மேலே ஏறுங்கள் என்று டவர் சொன்னபோது அவர்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்து விமானங்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகப் பெரிய விபத்து 1977-இல் டெனெரிஃபில் நடந்தது, அதில் 583 பேர் இறந்தார்கள். அதை மிஞ்சியிருக்கலாம்.

சரி, அவ்வளவு அனுபவம் உள்ளவர் எப்படி டாக்ஸிவேயை ரன்வே என்று நினைத்தார்? இதை விளங்கிக்கொள்ள அன்றிரவு தரை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் மேற்கு நோக்கி இரண்டு ரன்வேக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. திசைமானியில் ஏறக்குறைய 280 பாகை என்பதால் இரண்டுக்கும் பெயர் 28, ஒன்று 28 இடது, இன்னொன்று 28 வலது. அங்கே அடிக்கடி வந்துபோகும் விமானியின் மனத்தில் இருக்கும் படம் இதுதான்: இரண்டு ஒளிக்கோடுகள், அதில் வலது பக்கத்துக் கோடு நம்முடையது. அன்றிரவு 28 இடதை வேலைக்காக மூடி, அதன் விளக்குகளை அணைத்திருந்தார்கள். அப்படியானால் மேலிருந்து பார்க்கும்போது தெரிந்த ஒளிக்கோடுகள் எவை? 28 வலதும், அதற்கு வலப்புறம் உள்ள டாக்ஸிவேயும். எண்ணிக்கை சரியாக இரண்டு. மனத்தில் இருந்த படத்தோடு அப்படியே பொருந்திவிட்டது. இரண்டில் வலது பக்கம் நம்முடையது, அவ்வளவுதான்.

நிறம் வித்தியாசமாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்கிறது. ரன்வேயின் ஓர விளக்குகள் வெள்ளை, டாக்ஸிவேயின் ஓரத்தில் நீலம், நடுக்கோட்டில் பச்சை. உண்மையான ரன்வேக்கு முன்னால் இறங்க வழிகாட்டும் விளக்குகளும், பக்கவாட்டில் இறங்கும் கோணம் காட்டும் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மூடிய ரன்வேயின் முனையில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. இத்தனையையும் அந்தக் கண்கள் பார்த்திருக்கும். ஆனால் மூளை ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அந்த முடிவுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொண்டு ஒத்துவராததை ஓரம் தள்ளிவிடுகிறது. வரிசையில் நின்ற விமானங்களின் மின்னும் விளக்குகள்கூட ரன்வேயில் தெரியும் "சில விளக்குகள்" ஆகிவிட்டன. எதிர்பார்ப்புச் சாய்வு என்று மனிதக் காரணிகளை ஆராய்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்தில் அண்ணன் வருவான் என்று காத்திருக்கும்போது, அதே நிறச் சட்டை போட்ட யாரோ ஒருவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிடுகிறோமே, அதே சங்கதிதான்.

ஏமாறாத விமானமும் உண்டு. ஏர் கனடாவுக்குச் சில நிமிடங்கள் முன்னால் அதே வழியில் ஒரு டெல்டா விமானம் இறங்கியது. அந்த விமானிகளுக்கும் அதே குழப்பம் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கருவி காட்டிய கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, சரியான ரன்வேயில் இறங்கிவிட்டார்கள். கண்ணை நம்புவதா கருவியை நம்புவதா என்ற அந்த ஒரு இடத்தில்தான் இரண்டு விமானங்களும் பிரிகின்றன.

ஏர் கனடா காக்பிட்டில் அந்தக் கருவி இல்லையா? இருந்தது, ஆனால் அதற்கு வேலை கொடுக்கவில்லை. பகலோ இரவோ, கண்ணால் பார்த்து இறங்கினாலும், விமானம் ரன்வேக்கு நேராக இருக்கிறதா என்று காட்ட ரன்வேயிலிருந்து வரும் ஐஎல்எஸ் என்ற ரேடியோ சிக்னலைத் துணைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலான வழிகளில் விமானத்தின் கணினியே அந்த அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். அன்றிரவு அவர்கள் வந்த வழிக்கு மட்டும், அந்த நிறுவனத்தின் ஏ320 கணினியில் இருந்த வழிகளிலேயே அது ஒன்றுக்கு மட்டும்தான், எண்ணைக் கையால் அடித்துப் போட வேண்டும். கோ-பைலட் அதை விட்டுவிட்டார், கேப்டன் சரிபார்க்கவில்லை. இதை நான் தனிமனிதத் தவறு என்று மட்டும் பார்க்கமாட்டேன். எல்லா இடத்திலும் தானாக நடக்கும் ஒன்றை ஒரே ஒரு இடத்தில் மட்டும் கையால் செய்யச் சொல்லி வைத்தால், என்றாவது ஒரு நாள் யாராவது மறக்கத்தான் செய்வார்கள். அந்த நாளும் அசதியான நாளாகவே இருக்கும்.

ரன்வே மூடியிருக்கிறது என்ற தகவலும் அவர்கள் கையிலேயே இருந்தது. விமானிகளுக்குப் புறப்படும் முன் தரும் அறிவிப்புகளை நோட்டாம் என்பார்கள். அன்று தந்த 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் அது இருந்தது, இறங்கும் முன் காக்பிட்டுக்கு வந்த விமான நிலையத் தகவலிலும் இருந்தது. தகவல் கையில் இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அந்த நோட்டாம் கட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. எங்கோ ஒரு கிரேனில் விளக்கு எரியவில்லை என்பதும், நீங்கள் இறங்கப்போகும் இடத்தில் பாதி மூடியிருக்கிறது என்பதும் ஒரே அளவு எழுத்தில், ஒரே சுருக்கெழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அன்றைய தலைவர் ராபர்ட் சம்வால்ட், 2018 செப்டம்பரில் இந்தச் சம்பவம் பற்றிய கூட்டத்திலேயே, நோட்டாம்கள் யாரும் கவனிக்காத குப்பையாகிவிட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இப்போது அசதிக்கு வருவோம். கேப்டன் அந்த நேரத்தில் 19 மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்காமல் இருந்தார், கோ-பைலட் 12 மணி நேரத்துக்கு மேல். சான் பிரான்சிஸ்கோ கடிகாரத்தில் நள்ளிரவு என்றாலும், டொராண்டோவில் இருந்து வந்த அவர்களுடைய உடம்புக்கு அது விடியற்காலை மூன்று மணி. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை நம்மைக் கீழே அழுத்துகிறது, அந்த நேரத்தில் உடல் வெப்பமும் விழிப்பும் அடிமட்டத்துக்குப் போய்விடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும், எத்தனை காபி குடித்தாலும், அதைப் பேசிச் சரிக்கட்ட முடியாது. இரவு முழுக்க வண்டி ஓட்டும் ஆம்னி பஸ் டிரைவர்கள் மூன்று மணி வாக்கில் நெடுஞ்சாலை டீக்கடையில் நிறுத்தி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கண் எரிகிறது என்று சொல்லியபடி கண்ணாடி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு வண்டியை நிறுத்த முடிகிறது. ஆயிரம் அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது முடியாது.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு விழுகிறது என்று 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 24 மணி நேரமானால் 0.10. குடித்துவிட்டு ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்தால் உரிமம் போய்விடும், வேலையும் போய்விடும். அதே தடுமாற்றம் தூக்கமின்மையால் வந்தால் அதை அளக்க ஊதிப்பார்க்கும் கருவி கிடையாது. அசதியின் மோசமான குணமே இதுதான், அது முதலில் தின்பது நம்மை நாமே எடைபோடும் திறனை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லும் மூளையும் அதே தூங்காத மூளைதானே. கை பழகியதைச் செய்துகொண்டே இருக்கும், பேச்சும் வரும். போய்விடுவது என்னவென்றால், "ஒரு நிமிஷம், இது சரியாக இல்லையே" என்று நின்று பார்க்கும் அந்தச் சந்தேகம். ஏ320 இறங்கும் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஓடுகிறது, மூன்று நொடி கண் அயர்ந்தால் 200 மீட்டர் போய்விடும்.

இதில் என்னை உறுத்தும் விஷயம், அந்தக் கேப்டன் பணி நேர விதி எதையும் மீறவில்லை என்பது. அன்று அவர் ரிசர்வ் பணியில் இருந்தார், அதாவது அழைப்பு வந்தால் போக வேண்டும், வராவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம். காலையில் எல்லோரையும் போல எழுந்து நாளை ஓட்டியவருக்கு, இரவு விமானத்துக்கு அழைப்பு வந்தது. வேலை தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணினால் அவர் புதிதாக வந்தவர், எழுந்த நேரத்திலிருந்து எண்ணினால் கண் சொருகும் நிலையில் இருப்பவர். அன்றைய கனடா விதிகளுக்கு முதல் கணக்கு போதுமாக இருந்தது. அமெரிக்க விதிகளின்படி என்றால் அந்த ரிசர்வ் நேரத்தோடு அவர் அந்த விமானத்தை ஓட்டியிருக்க முடியாது. அமெரிக்காவுக்கும் அந்த விதிகள் சும்மா வரவில்லை, 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் நடையாய் நடந்து, 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தன. கனடா 2018 டிசம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது, பெரிய நிறுவனங்களுக்கு அவை 2020 டிசம்பரில் அமலாயின.

ரன்வே மாறிப்போவது இறங்கும்போது மட்டும் நடப்பதில்லை. 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், இன்னும் விடியவில்லை. காம்ஏர் 5191 விமானத்துக்கு 7,003 அடி நீளமுள்ள 22-ஆம் ரன்வேயில் புறப்பட அனுமதி. விமானிகள் திரும்பியதோ 3,500 அடி மட்டுமே உள்ள 26-ஆம் ரன்வேயில். அதில் விளக்கே எரியவில்லை. ஓடத் தொடங்கியதும், விளக்கு இல்லாமல் இருப்பது விசித்திரமாக இருக்கிறது என்று கோ-பைலட் சொல்கிறார், ஆமாம் என்கிறார் கேப்டன். சந்தேகம் வாயைத் தாண்டி வெளியே வந்தும் கைக்குப் போகவில்லை. விமானத்தில் இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள், பிழைத்தவர் அந்தக் கோ-பைலட் மட்டும். டவரில் அன்று தனியாக இருந்த கண்ட்ரோலர் முந்தைய 24 மணி நேரத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். அனுமதி கொடுத்துவிட்டு வேறொரு கணக்கு வேலைக்காக முதுகைத் திருப்பிக்கொண்டார். விமானிகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது டவரில் இருப்பவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலும் அந்த நேரத்தில் டவரில் எல்லா வேலையையும் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நமக்கு நெருக்கமான உதாரணங்களும் உண்டு. 2018 செப்டம்பர் 7 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவு போன ஏர் இந்தியா ஏ320, 136 பயணிகளோடு, இன்னும் கட்டி முடிக்காத ரன்வேயில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. அது பட்டப்பகல், ஆகவே எல்லாவற்றையும் இருட்டின் மேலும் தூக்கத்தின் மேலும் போட்டுவிட முடியாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். கண் எதிர்பார்த்ததைப் பார்த்துவிடுவது பகலிலும் நடக்கும். தூக்கமின்மை செய்வது, பார்த்த பிழையைத் திருத்தும் வாய்ப்பைக் குறைப்பது.

ஆனால் மங்களூர் முழுக்க முழுக்கத் தூக்கத்தின் கதை. 2010 மே 22, துபாயிலிருந்து விடியற்காலை வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, குன்றின் மேல் அமைந்த ரன்வேயில் மிக உயரத்திலும் வேகத்திலும் வந்து, பாதி தூரம் தாண்டித் தரை தொட்டு, விளிம்பைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். அதன் குரல் பதிவுக் கருவியில் விசாரணைக் குழு கேட்டது கேப்டனின் குறட்டையை. இரண்டு மணி நேரச் சொச்சம் பதிவில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆழ்ந்து தூங்கி எழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் உலகம் மங்கலாகவே இருக்கும், பிற்பகல் தூக்கத்திலிருந்து எழுந்து இது காலையா மாலையா என்று விழிப்போமே, அந்த நிலை. அந்த நிலையில் அவர் இறக்கத்தைத் தொடங்கினார். மேலே ஏறிப் போய்விடலாம் என்று கோ-பைலட் மூன்று முறை சொன்னார், கேப்டன் கேட்கவில்லை.

இதை வைத்து, காக்பிட்டில் தூங்கவே கூடாது என்று முடிவு கட்டுவது தவறு. நாசா செய்த ஓர் ஆய்வில் நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள், அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், விழிப்பும் செயல்திறனும் தெளிவாகக் கூடின. ஒருவர் விழித்திருக்க, இன்னொருவர் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கண்ணயர்ந்து, இறங்குவதற்கு வெகுமுன்பே எழுந்து தெளிந்துகொள்வது பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட முறை. அமெரிக்கா இன்னும் அனுமதிக்கவில்லை. தடைசெய்தால் தூக்கம் வராமல் போய்விடாது, சொல்லாமல் வரும், அவ்வளவுதான். சொல்லாமல் வரும் தூக்கத்துக்கு அலாரம் வைக்க யாரும் இல்லை.

இந்தியாவில் 2024 ஜனவரியில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ விமானிகளுக்குப் புதிய பணி நேர விதிகளை அறிவித்தது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 ஆனது, இரவு என்பது ஐந்து மணியோடு முடிந்தது போய் ஆறு மணி வரை நீண்டது, இரவுப் பணியில் ஒரு விமானி இறங்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டானது. நிறுவனங்கள் எதிர்த்தன, விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின, கடைசியில் இரண்டு கட்டமாக 2025 ஜூலையிலும் நவம்பரிலும் அமலாயின. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், நிலையங்களில் பெட்டிமேல் தலைவைத்து ஜனங்கள் படுத்துக் கிடந்ததும், இரவுப் பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ தற்காலிகத் தளர்வு கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் பலர் விதிகளைத்தான் திட்டினார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக முடியாமல் நின்றவர்களின் கோபம் நியாயமானது, ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம் விதி அல்ல. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. அதற்குள் தேவையான விமானிகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கொடுத்தாலே கால அட்டவணை சரிந்து விழும் என்றால், அதற்கு முன் அந்த அட்டவணை யாருடைய தூக்கத்தில் ஓடியது என்பதுதான் என் கேள்வி.

சான் பிரான்சிஸ்கோ சம்பவத்துக்குப் பிறகு அங்கே சில காரியங்கள் நடந்தன. பக்கத்து ரன்வே மூடியிருக்கும் இரவுகளில் வெறும் கண்பார்வையை நம்பி இறங்க அனுமதிப்பதை நிறுத்தினார்கள், இரவு நெரிசல் குறையும் வரை டவரில் இருவர் இருக்க வேண்டும் என்றார்கள். நீ ரன்வேக்கு நேராக இல்லை என்று காக்பிட்டிலேயே எச்சரிக்கும் கருவி வேண்டும் என்று பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. இவை எல்லாம் அந்த இரவின் தரையைச் சரிசெய்கின்றன.

காக்பிட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் விடை பாதியில் நிற்கிறது. அந்த ஏ320 மறுநாளே மீண்டும் பறக்கப் போய்விட்டது. அதன் குரல் பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும் ரகம், விசாரணை அதிகாரிகள் தேடி வருவதற்குள் அந்த நிமிடங்கள் போய்விட்டன. 25 மணி நேரம் பதியும் கருவி வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 2024-இல்தான் சொன்னது. அசதி உலோகத்தில் விரிசல் போலத் தடயம் விட்டுப்போவதில்லை. குரல் தொய்வதில், ஒரு கேள்விக்குப் பதில் வர எடுக்கும் நேரத்தில், ஒரு கொட்டாவியில்தான் அது தெரியும். மங்களூரில் குறட்டையாவது கிடைத்தது. இங்கே கேப்டன் 19 மணி நேரம் விழித்திருந்தார் என்பதையே, பிறகு அவரிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.